கடலிற் படர்ந்த எண்ணெயும் அதனை உறிஞ்சும் பொருள்களும்: ஒரு வரலாற்று நோக்கு

இலண்டன் மாநகரின் தென்பாகத்தில் கிளப்பம் என்னும் புல்வெளியிலே ஒரு குளம் உண்டு. அமெரிக்க அறிஞரான பெஞ்சமின் பிராங்கிளின் இங்கிலாந்தில் தங்கியிருந்த காலத்து, காற்றினால் நீர் அலைவுற்றிருந்த ஒரு நாளில், அக்குளத்தின் மேல் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றினார். எண்ணெய் வியக்கத்தக்க விரைவுடன் பரந்து சென்றது. ஏறக்குறைய அரை ஏக்கர் நீர்ப்பரப்புக் கண்ணாடிபோல் அமைதியுற்றது. இச்செய்தியை அவர் 1774 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்தின் ஏட்டில் வெளியிட்டார். அரை ஏக்கர் என்பது யாழ்ப்பாணத்துக் காணிக் கணக்கில் 8 பரப்பு. ஒரு கரண்டி எண்ணெய் 8 பரப்பை மூடுமெனின், ஒரு கப்பலின் வயிறு பிளந்தால் மூடப்படுவது எவ்வளவு என்பதை மாணவர் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

பிராங்கிளின் ஆராய்ந்தது அலையை அடக்கும் வழியை. கடலில் எண்ணெய் வார்த்தால் அலை தணியும் என்பது உரோமரான பிளினியின் காலத்திலேயே எழுதப்பட்ட செய்தி. வார்த்த எண்ணெயைத் திருப்பி எடுப்பது எவ்வாறு என்னும் வினா அவர்கள் இருவருக்கும் எழவில்லை. எழவேண்டிய தேவையும் அக்காலத்து இருக்கவில்லை. அவ்வினா எழுந்தது கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெயை எரிக்கத் தலைப்பட்ட பின்னரேயாம். கடற்பறவைகள் சிறகு ஒட்டிக் கரையில் ஒதுங்கின. துறைமுகங்களில் எண்ணெய்ப்படலம் தீப்பற்றும் அச்சம் தோன்றிற்று. பிரித்தானியா 1922 இலும், ஐக்கிய அமெரிக்கா 1924 இலும் இது பற்றிச் சட்டம் இயற்றின. 1954 இல் இலண்டனிற் கூடிய நாடுகள் ஒரு பொது உடன்படிக்கை செய்தன. இவையாவும் எண்ணெயைக் கடலில் விடாதே என்று விலக்கியவை. விடப்பட்டுவிட்ட எண்ணெயை என்ன செய்வது என்பது பற்றி அவை கூறியது சொற்பம்.

செய்யக்கூடியவை உண்மையில் மூன்றே. எரிக்கலாம், கண்ணுக்குத் தெரியாதபடி நீருள்ளே கலைக்கவோ ஆழ்த்தவோ செய்யலாம், அல்லது அள்ளியும் உறிஞ்சியும் எடுக்கலாம். இக்கட்டுரை மூன்றாவது வழியைப் பற்றியது. எனினும், மனிதர் இரண்டாவது வழியில் எவ்வளவு தூரம் மயங்கினர் என்பதை அறியாமல் மூன்றாவதன் அருமையை உணர்தல் இயலாது. ஆதலின் 1967 ஆம் ஆண்டின் நிகழ்ச்சியைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும்.

அவ்வாண்டு மார்ச்சு 18 ஆம் நாட் காலையில் 'டொரி கன்யன்' என்னும் எண்ணெய்க் கப்பல், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையாகிய கோண்வோலுக்கும் சில்லித் தீவுகளுக்கும் இடையிலுள்ள 'ஏழு கற்கள்' எனப் பெயரிய பாறைத்தொடரில் மோதிற்று. அமெரிக்காவிற் கட்டப்பட்டு, யப்பானில் வெட்டி நீட்டப்பட்டு, முன்னையினும் இருமடங்கு கொள்ளும்படி ஆக்கப்பட்ட கப்பல் அது. அதன் வயிற்றில் ஏறக்குறைய 119,000 தொன் குவைத்து மசகெண்ணெய் இருந்தது. அதுவரை உலகம் அத்தகைய விபத்தைக் கண்டதில்லை. அதனால் எவரிடத்திலும் ஆயத்தமான திட்டமும் இருக்கவில்லை.

பிரித்தானிய அரசினர் கையிலெடுத்தது அழுக்ககற்றித் திரவத்தை. எந்திர அறைகளிலும் தொட்டிகளிலும் படிந்த கொழுப்பைக் கழுவுதற்கென ஆக்கப்பட்டது அது. அதனை எண்ணெய்மேல் தெளித்து அலைக்கழித்தால், எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறி நீரோடு பால்போற் கலந்துவிடும். கடலிலும் கரையிலுமாக ஏறக்குறைய 10,000 தொன் திரவம் கொட்டப்பட்டது. மாதக் கடைசியில் கப்பலின்மேல் விமானங்கள் குண்டு வீசி எஞ்சிய எண்ணெயை எரிக்கவும் முயன்றன. கரைகள் பார்வைக்கு வெளுத்தன. சுற்றுலாக் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது.

பிளிமத் நகரிலுள்ள கடலுயிரியற் கழகத்தார் தம் வழமையான ஆய்வுகளை நிறுத்திவிட்டு இக்கரைகளை நடந்து நடந்து ஆராய்ந்து, 1968 இல் ஒரு நூலாக வெளியிட்டனர். அவர்கள் கண்டது வருந்தத்தக்கது. எண்ணெயினால் இறந்த கரையுயிர்களிலும், அதனைக் கழுவிய திரவத்தினால் இறந்தவை மிகப் பல. திரவத்திற் சேர்ந்திருந்த கரைப்பானே கொடிய நஞ்சாயிருந்தது. பாறையைக் கௌவிப் பாசியை மேய்ந்து வாழும் கூம்புவடிவான சிறு நத்தைகள் ஆயிரமாயிரமாய்ப் பாறையை விட்டு வீழ்ந்தன. மேய்வார் இல்லாமையாற் பாசி தழைத்தது. பாசி தழைத்த பாறைகளில் உயிர்களின் பழைய சமநிலை மீள்வதற்கு 13 முதல் 15 ஆண்டுகள் வரை சென்றன என்று பிற்காலத்து ஆய்வாளர் கணித்தனர்.

இங்கே ஒரு சிறு செய்தி என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது. அதே கோண்வோற் கரையில் கொட்ரெவி முனை என்றோர் இடம் உண்டு. அங்கே கடல்நாய்கள் வாழ்ந்தமையால், அவற்றுக்குத் தீங்கு நேரும் என அஞ்சித் திரவம் தெளியாது விட்டனர். எண்ணெய் படிந்தபடியே கிடந்தது. அவ்விடம் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே பெரும்பாலும் தேறிவிட்டது. ஒன்றும் செய்யாது விட்ட கரை, பெரும்பொருள் செலவிட்டுத் துப்புரவு செய்த கரையினும் பத்தாண்டு முன்னதாகப் பிழைத்துக்கொண்டது. வரலாற்றில் இவ்வளவு தெளிவான ஒப்பீடு நமக்கு எளிதிற் கிட்டுவதில்லை.

பிரான்சு நாட்டார் வேறு வழி சென்றனர். எண்ணெய் தமது பிரித்தனிக் கரையை நோக்கி வந்தபோது, கொழுப்பமிலம் பூசிய சுண்ணத்தூளை ஏறக்குறைய 3,000 தொன் அளவிற் கடலில் தூவினர். தூள் எண்ணெயைப் பற்றிக்கொண்டு கனத்து அடித்தளத்திற்குச் சென்றது. இதுவும் ஒருவகை உறிஞ்சலே; ஆயினும் உறிஞ்சிய பொருள் மனிதன் கைக்குத் திரும்பவில்லை. மேற்பரப்பிலிருந்த தீங்கு அடிவாழ் உயிர்களின் தலைமேல் இறக்கப்பட்டது. இவ்வாறு ஆழ்த்தும் பொருள்களை அமெரிக்க விதிகள் இன்று முற்றாக விலக்கியுள்ளன. அதே பிரான்சுக் கரையில், போர்வீரரும் ஊர்மக்களும் வைக்கோலைப் பரப்பி, எண்ணெய் ஊறிய வைக்கோலை முள்ளுக்கரண்டியால் வாரி எடுத்தனர். பத்திரிகைகள் குண்டு வீசிய விமானங்களைப் பற்றி எழுதிய அளவிற்கு இவ்வைக்கோலைப் பற்றி எழுதவில்லை. ஆயினும் அள்ளப்பட்டதே உண்மையிற் கடலை விட்டு அகன்றது.

அகன்ற எண்ணெய் எங்கே சென்றது என்பதும் கேட்கத்தக்கதே. கேர்ன்சித் தீவினர் தம் கரையில் வந்தடைந்த எண்ணெயைக் குழாய்வழி வாங்கிக் கைவிடப்பட்ட ஒரு கற்குழியில் நிரப்பினர். அது அக்குழியில் 40 ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தது. அவ்வெண்ணெயிற் சிக்கிப் பறவைகள் மாண்டன. இறுதியில் எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களை 2010 ஆம் ஆண்டில் இட்டு எஞ்சியதைப் போக்க முயன்றனர். டொரி கன்யன் மூழ்கியபோது பள்ளிச் சிறுவராயிருந்தோர் அப்போது ஓய்வூதியம் பெறும் பருவத்தை அடைந்திருப்பர்.

வைக்கோலின் புகழ் அமெரிக்காவிலே பரவியது. 1969 சனவரி 28 இல், கலிபோர்ணியாவின் சான்ரா பாபரா நகருக்கு எதிரேயுள்ள கடலில் ஓர் எண்ணெய்க் கிணறு வெடித்துப் பீறிட்டது. நகரத்தின் கரைகளில் வைக்கோல் குவியல் குவியலாகக் கொட்டப்பட்டது. சிறைவாசிகளும் தொண்டர்களும் அதனை வாரினர். ஈராண்டு கழித்து 1971 சனவரி 18 இல், சான் பிரான்சிஸ்கோவின் பொன்வாயிற் பாலத்தின் கீழே மூடுபனியில் இரு எண்ணெய்க் கப்பல்கள் மோதி ஏறக்குறைய 8 இலட்சம் அமெரிக்கக் கலன் எண்ணெய் சிந்திற்று. அன்றும் மாணவரும் இல்லத்தரசிகளும் வைக்கோற் கட்டுகளோடு கரைக்கு ஓடினர். வேளாண்மைப் பொருளொன்று கடலுக்கு மருந்தாயிற்று.

வைக்கோல் எண்ணெயைப் பற்றுவதன் காரணம் அதன் புறத்தோலில் உள்ள மெழுகு. மெழுகு நீரை வெறுக்கும், எண்ணெயை விரும்பும். நெல்லிலையிலும் சேம்பிலையிலும் நீர் உருண்டோடுவதை நாம் கண்டிருக்கிறோம். எண்ணெய் அவ்வாறு உருளாது, படிந்துவிடும். இத்துடன், தாள்களுக்கிடையே உள்ள சிறு இடைவெளிகள் விளக்குத்திரியைப் போல எண்ணெயை இழுத்து வைத்துக்கொள்கின்றன. நூலோர் இவ்விரண்டையும் பிரித்துரைப்பர்: பொருளின் மேற்பரப்பில் ஒட்டுதல் புறத்துறிஞ்சல், உள்ளே புகுந்து தங்குதல் அகத்துறிஞ்சல். கடற்கரையில் நிற்பவனுக்கு இவ்வேறுபாட்டினும் வேண்டியது, எடுத்த பொருள் மிதக்குமா, கையால் தூக்கத் தாங்குமா, நீரைக் குடியாமல் எண்ணெயை மட்டும் குடிக்குமா என்பதே.

அளவுகளை நோக்குவோம். அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனத்தார் தரும் கணக்கின்படி, வைக்கோல், மரத்தூள், சதுப்புநிலப் பாசிமண், இறகு முதலிய உயிர்வழிப் பொருள்கள் தம் நிறையின் 3 முதல் 15 மடங்கு எண்ணெயைப் பற்றும். களிமண், எரிமலைச் சாம்பல், கண்ணாடிப் பஞ்சு முதலிய கனிமப் பொருள்கள் 4 முதல் 20 மடங்கு பற்றும். பொலியூரதேன், பொலிபுரோப்பிலீன் முதலிய செயற்கைப் பொருள்கள் 70 மடங்கு வரை கொள்ளும். இவ்வட்டவணையை மட்டும் படித்த மாணவன், செயற்கைப் பொருளே சிறந்தது என்று விடை எழுதிவிடுவான். அதனாலேயே 1970 களின் பின் வெண்ணிறப் பொலிபுரோப்பிலீன் விரிப்புகளும் உருளைகளும் துறைமுகக் களஞ்சியங்களை நிறைத்தன. அவை நீரை ஏற்கா, மூழ்கா, பிழிந்து மறுபடியும் இடலாம். வைக்கோலோ சிறிது பொழுதில் நீரும் குடித்துக் கனத்து மூழ்கத் தொடங்கும். இவை மறுக்க முடியாத உண்மைகள்.

ஆயினும் ஒரு பொருள் எவ்வளவு குடிக்கிறது என்பதை மட்டும் கொண்டு அதனை மதித்தல் தவறு என்பது என் கருத்து. குடித்த பின் அது என்னாகிறது என்பதையும் சேர்த்தே மதித்தல் வேண்டும். உறிஞ்சல் எண்ணெயை அழிப்பதில்லை. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் பெயர்ப்பதே அதன் தொழில். 5 மடங்கு குடிக்கும் வைக்கோலைக் கொண்டு 1,000 தொன் எண்ணெயை எடுத்தால் நம் கையில் எஞ்சுவது 1,200 தொன் குப்பை. அதனோடு மணலும் பாசியும் நீரும் சேரும். 1999 டிசெம்பரில் 'எரிக்கா' என்னும் கப்பல் பிரான்சுக் கரைக்கப்பால் உடைந்தபோது சிந்திய எண்ணெய் ஏறக்குறைய 20,000 தொன். கரையில் வாரிச் சேர்த்த கழிவோ ஏறக்குறைய 2 இலட்சம் தொன். பத்து மடங்கு! அதனைப் பிரித்து அழிக்கத் தனியாக ஓர் ஆலை வேண்டியதாயிற்று. வைக்கோலாயின் காலப்போக்கில் மக்கும், அல்லது உலையில் எரியும். பொலிபுரோப்பிலீன் விரிப்பு மக்காது. அதுவே எண்ணெயிலிருந்து பிறந்த பொருள்.

நம் வீட்டுத் தலையணைக்குள் இருக்கும் இலவம் பஞ்சை இங்கே நினைத்தல் தகும். இலவம் இழையை நுணுக்குக்காட்டியில் நோக்கினால் அது மெல்லிய சுவருடைய வெறுங் குழாயாகத் தோன்றும். உள்ளே காற்று; புறத்தே மெழுகு. நீரில் ஊறாமையால் முன்னாளில் மாலுமிகளின் உயிர்காப்பு அங்கிகளில் இதனையே அடைத்தனர். நீரில் ஊறாத அதே பஞ்சு எண்ணெயைக் கண்டவிடத்து அவாவோடு உட்கொள்ளும். 2007 இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வொன்றில், தளர்வாக அடைக்கப்பட்ட இலவம் பஞ்சு தன் நிறையின் 36 முதல் 45 மடங்கு வரை டீசல், இயந்திர எண்ணெய் முதலியவற்றைப் பற்றிற்று. செயற்கை விரிப்புகளோடு தோள் நிற்கத்தக்க அளவு இது. இலவு காத்த கிளியைப் பார்த்து நாம் நகைத்து வந்திருக்கிறோம். காய் வெடித்துப் பறந்த பஞ்சின் பெறுமதி கிளிக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. எனினும் குறையும் உண்டு. மிகத் தடித்த எண்ணெய் இழைக்குள் புகாது. காற்றில் இலவம் பஞ்சைத் தூவுவதோ இயலாத செயல். வலைப்பைகளில் அடைத்தே பயன்படுத்தல் வேண்டும்.

மனிதர் தலைமயிரும் இவ்வரிசையிற் சேர்ந்தது. 1989 இல் அலாஸ்காக் கடலில் 'எக்சன் வால்டெஸ்' கப்பல் எண்ணெய் சிந்தியபோது, நீர்நாய்களின் உரோமம் எண்ணெயில் தோய்ந்திருந்ததைத் தொலைக்காட்சியிற் கண்ட அலபாமா நாட்டு முடிதிருத்துநர் ஒருவர், விலங்கின் உரோமம் பற்றுமாயின் மனிதர் மயிரும் பற்றாதோ என எண்ணி, வெட்டிய மயிரைக் காலுறையில் அடைத்துச் சோதித்தார். பின்னர் அமெரிக்க விண்வெளி நிலையத்தாரும் அதனைச் சோதித்தனர். ஆனால் 2010 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது பல நாடுகளிலிருந்தும் மக்கள் அனுப்பிய மயிரை அதிகாரிகள் ஏற்கவில்லை. மயிர் உருளைகள் நீரை மிகுதியாகக் குடித்து மூழ்குவதாகச் சோதனை காட்டிற்று என்றனர். தேர்ந்த முடிவாகவே அது தோன்றுகிறது; ஆனால் தொண்டு செய்ய வந்தோர் மனம் நொந்தனர்.

கையிலுள்ளதே கருவி என்னும் நிலைமை சிறு நாடுகளுக்கே நன்கு தெரியும். 2020 யூலை 25 இல் மொரீசியசுத் தீவின் பவளப்பாரில் 'வகாசியோ' என்னும் கப்பல் ஏறியது. ஓகத்து 6 இல் எண்ணெய் ஒழுகத் தொடங்கிற்று. ஏறக்குறைய 1,000 தொன் சிந்தியது. வெளிநாட்டு உதவி முழுமையாக வந்து சேரும்வரை அத்தீவு மக்கள் காத்திருக்கவில்லை. கரும்புத் தோட்டங்களின் உலர்ந்த சோகையைத் துணிப்பைகளில் திணித்து நீண்ட மிதவைகளாகத் தைத்தனர். வெற்றுப் போத்தல்களை அவற்றிற் கட்டினர். தம் தலைமயிரையும் வெட்டிக் கொடுத்தனர். சோகை மிதவை உள்ளூரின் எளிய பொருளே. ஆயினும் அன்று அது வேண்டிய இடத்தில், வேண்டிய வேளையில் இருந்தது. களஞ்சியத்திலிருந்து வராத 70 மடங்கினும் கையிலிருக்கும் 5 மடங்கு மேல்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2021 மே 20 இல் கொழும்புக்கு அப்பால் 'எக்ஸ்-பிரஸ் பேள்' என்னும் கப்பல் தீப்பற்றி, யூன் 2 இல் மூழ்கியது. அதிலிருந்து ஏறக்குறைய 1,680 தொன் பிளாத்திக்கு மணிகள் கடலிற் சென்றன. எண்ணெயை உறிஞ்ச எப்பொருள் உகந்தது என்று உலகம் ஆராய்ந்து முதலிடம் கொடுத்த அதே இனத்துப் பொருள், பருப்பளவான மணிகளாக நம் மேற்குக் கரையில் முழங்காலளவு குவிந்தது. இம்மணிகள் தாமும் உறிஞ்சிகளே. கடல்நீரில் மிக நுண்ணளவாகக் கலந்துள்ள நச்சுகளைப் பொலிபுரோப்பிலீன் மணிகள் தம்மேல் ஈர்த்துச் செறிவிக்கின்றன என்று யப்பானிய ஆய்வாளர் 2001 இலேயே காட்டியிருந்தனர். இங்கே அவற்றை உறிஞ்சுதற்கு வேறொரு பொருளும் கிடையாது. அரிதட்டால் மணலை அரித்துப் பொறுக்கினர்.

நம் குடாநாட்டின் துயரம் கடலில் நிகழ்ந்ததன்று, நிலத்தடியில் நிகழ்ந்தது. சுன்னாகத்து மின்னிலையச் சூழலிலிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் நாடறிந்த செய்தியாயிற்று. வாளியில் நிறம் மின்னும் படலம் கண்டோர் கிணற்றை விட்டுப் பௌசர் நீருக்குக் குடத்தோடு நின்றனர். 2019 ஏப்பிரலில் உயர் நீதிமன்றம் இது பற்றித் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குமாறு பணித்தது. நம் நிலம் சுண்ணக்கற் பாறை. வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. மேலே சிந்தியது கீழே செல்வதற்கு அங்கு வாயிற்கதவு இல்லை.

இத்தகைய கிணற்றுக்கு வைக்கோலும் இலவம் பஞ்சும் என் செய்யும்? மேலே மிதக்கும் படலத்தை எடுக்கும், அவ்வளவே. எண்ணெயின் சில கூறுகள், பென்சீன் முதலியன, நீரிற் சிறிதளவு கரைந்துவிடும். கரைந்ததை மெழுகுத்தோல் பற்றாது. அதற்கு வேண்டியது கரி. தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, மிகுந்த வெப்பத்தில் நீராவியூட்டி ஏவப்பட்ட கரியாக ஆக்கினால், அதனுள் எண்ணிறந்த நுண்துளைகள் தோன்றும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறக்குறைய 1,000 சதுர மீற்றர், அதாவது 4 பரப்புக் காணி. முதலாம் உலகப்போரில் நச்சுக்காற்றைத் தடுக்கும் முகமூடிகளுக்குச் சிரட்டைக் கரியையே அமெரிக்கர் தேடினர். போதாமையாற் பீச்சுப் பழ விதைகளையும் மக்களிடம் சேர்த்தனர். இன்று அக்கரி இலங்கையின் ஏற்றுமதிப் பொருள்களுள் ஒன்று.

ஆனால் கரிக்கும் முறை உண்டு. தடித்த எண்ணெய்ப் படலம் முதலிற் பட்டால் துளைகள் அடைபட்டுக் கரி வீணாகும். முதலிற் படலத்தை வழித்தும் பஞ்சால் உறிஞ்சியும் எடுத்து, அதன் பின்னரே நீரைக் கரியினூடே விடுதல் வேண்டும். கரியும் ஒரு நாள் நிறையும். நிறைந்ததை மீண்டும் உலையிலிட்டுச் சுட்டால் உயிர்பெறும். அவ்வுலை ஆலையில் உண்டு, வீட்டில் இல்லை. வீட்டு வடிகலத்திற் கரி மாற்றும் குடும்பத்தவர் பழைய கரியைக் கொட்டுவதற்கு அண்மையிற் காணும் இடம், பெரும்பாலும், அக்கிணற்றடியிலேயே உள்ள வாழைப்பாத்தி.